மின்னியக்கவியலா, சிறப்புச் சார்பியலா? சோதனை முடிவுகளோடு வைத்து ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை பிற்பகல்களில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் நாலைந்து மாணவர்களோடு உட்கார்ந்து, மேக்ஸ்வெல்லின் மின்னியக்கவியலையும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலையும் சோதனை முடிவுகளோடு வைத்துப் பார்க்கும் இந்த ஒப்பீட்டைச் செய்து வருகிறேன். சிலர் தொடக்கக் கல்லூரி, சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் மேக்ஸ்வெல், வலப்பக்கம் ஐன்ஸ்டைன் என்று எழுதி, எந்தச் சோதனை யாருக்குச் சாதகம் என்று டிக் அடிக்கத் தொடங்குகிறார்கள். அரை மணி நேரத்தில் தாள் முழுக்கக் குழப்பம்.

அந்தக் கோடே தவறான இடத்தில் விழுந்த கோடு. எங்கே போட வேண்டும், அப்புறம் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. உட்காரும் முன் வேண்டியவை

இரண்டு கணித உத்திகள் கைவசம் இருக்க வேண்டும். ஒன்று, மிகச் சிறிய எண்ணை ஒன்றோடு கூட்டி வர்க்கமூலம் எடுக்கும்போது பயன்படும் தோராயம். மற்றொன்று, கதிரியக்கச் சிதைவுக்கான அடுக்குக்குறிச் சூத்திரம். மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளை வகைக்கெழு வடிவில் நிறுவத் தெரிய வேண்டாம். அவற்றிலிருந்து ஒளிவேகம் ஒரு மாறிலியாக வெளிவருகிறது என்பது தெரிந்தால் போதும்.

கால்குலேட்டரை நம்பி இறங்காதீர்கள். ஒன்றிலிருந்து பத்துக்கோடியில் ஒரு பங்கைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, இன்னோர் எண்ணைக் கழிக்கும்போது கடைசி இலக்கங்கள் கரைந்துவிடும். தோராயச் சூத்திரத்தைத் தாளில் போட்டுவிட்டு, எண்களைக் கடைசியில் மட்டும் இடுங்கள்.

மூன்று அமர்வுகள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தவர்கள் முடிவுகளை மனப்பாடம் செய்துகொண்டு போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

2. கோட்பாடுகளின் பெயரை எழுதும் முன் அனுமானங்களைப் பிரியுங்கள்

ஒரு காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் நுழைத்துப் பாருங்கள், மின்னோட்டம் பிறக்கும். காந்தத்தை அப்படியே வைத்துச் சுருளை நகர்த்துங்கள், அதே மின்னோட்டம். பழைய விளக்கப்படி முதலாவதில் மின்புலம் உருவாகி எலக்ட்ரானைத் தள்ளுகிறது. இரண்டாவதில் மின்புலமே இல்லை, காந்தவிசை தள்ளுகிறது. அளவீடு ஒன்று, கதை இரண்டு. ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதன் தலைப்பே நகரும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றியதுதான்.

அவர் அந்தக் கட்டுரையில் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைத் தொடவில்லை. மாற்றியது, ஒருவரின் அளவுகளை நகரும் இன்னொருவரின் அளவுகளாக மாற்றும் விதியையும் நியூட்டனின் இயக்கவியலையும். ஆகவே ஒப்பிட வேண்டியவை மேக்ஸ்வெல்லும் ஐன்ஸ்டைனும் அல்ல. மேக்ஸ்வெல்லோடு எந்த அனுமானங்களைச் சேர்த்துக் கட்டுகிறோம் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு தனித்தாளில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். சமன்பாடுகள் எந்தச் சட்டகத்தில், அதாவது எதைப் பொறுத்து அளக்கும்போது செல்லும்: ஒளியைத் தாங்கிச் செல்வதாக அன்று கருதப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தில் மட்டுமா, எல்லாச் சீரான இயக்கச் சட்டகங்களிலுமா? சட்டகம் மாறும்போது வேகங்களை நேரடியாகக் கூட்டும் கலிலியோவின் மாற்றமா, நீளத்தையும் நேரத்தையும் சேர்த்து மாற்றும் லாரன்ஸின் மாற்றமா? ஆற்றலுக்கும் வேகத்துக்கும் நியூட்டனின் உறவா, புதிய உறவா?

3. ஐந்து பத்திகள் போடுங்கள்

கோட்பாட்டுக்கு ஒரு பத்தி (மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசை), சோதனைக்கு ஒரு கிடைவரிசை. இரண்டு பத்திகள் போதாததற்குக் காரணம், பழைய பக்கத்தில் ஒரே ஒரு கோட்பாடு இருந்ததில்லை என்பதுதான்.

முதல் பத்தி, அசையாத ஈதர்: மேக்ஸ்வெல் ஈதரில் மட்டும் சரி, கலிலியோ மாற்றம், நியூட்டன் இயக்கவியல். இரண்டாவது, பூமியோடு முழுதாக இழுபடும் ஈதர். மூன்றாவது, 1908இல் ரிட்ஸ் சொன்ன உமிழ்வுக் கோட்பாடு: ஒளி தன் மூலத்தைப் பொறுத்து மட்டும் அதே வேகத்தில் கிளம்பும். இதற்கு மேக்ஸ்வெல்லையே மாற்ற வேண்டியிருக்கும். நான்காவது, லாரன்ஸின் ஈதர்: ஈதர் உண்டு, ஆனால் நகரும் பொருள் நீளத்தில் குறுகும், நகரும் கடிகாரம் மெதுவாகும். ஐந்தாவது, சிறப்புச் சார்பியல்.

பத்திகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒரு பத்தி பத்துச் சோதனைகளில் தேறி ஒன்றில் ஐயமறத் தோற்றால் அதற்கு இடமில்லை. 'பத்தில் வென்றதே, அண்ணா?' என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்பார்கள். இது லீக் ஆட்டம் இல்லை, தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம்.

4. எதையும் கணக்கிடும் முன் அளவை உணருங்கள்

வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்து வரும் எண்ணை 'வேக விகிதம்' என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணும் அதன் வர்க்கமும் எவ்வளவு என்பதை ஒவ்வொரு சோதனைக்கும் ஓரத்தில் குறியுங்கள். விகிதத்தின் முதல் படியை மட்டும் பார்க்கும் சோதனைகள் பல பத்திகளைப் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டும் சோதனைகளில் பெரும்பாலானவை வர்க்கத்தைப் பார்ப்பவை.

மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் எம்ஆர்டி ரயிலுக்கு விகிதம் 7.4 × 10⁻⁸, வர்க்கம் 5.5 × 10⁻¹⁵. ஒரு மணி நேரம் ஓடினாலும் ரயிலில் இருக்கும் கடிகாரம் பின்தங்குவது சுமார் 10 பிக்கோவிநாடி. சூரியனைச் சுற்றும் பூமிக்கு வேகம் விநாடிக்கு 30 கிலோமீட்டர். தீவின் மேற்கே துவாஸிலிருந்து கிழக்கே சாங்கிக்கு இரண்டு விநாடிக்குள் போய்விடலாம். அதற்கே விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று, வர்க்கம் பத்துக்கோடியில் ஒன்று.

ஆனால் சிறியது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். இதை உணர்த்த ஒரு கணக்கைக் கையாலேயே போடச் சொல்வேன். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியில், ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்களின் மின்னூட்டம் சுமார் 13,600 கூலோம். ஒரு ஆம்பியர் ஓடும்போது அவை நகரும் வேகம் விநாடிக்கு 0.074 மில்லிமீட்டர். நத்தை இதைவிட வேகம். வேக விகிதத்தின் வர்க்கம் 6 × 10⁻²⁶.

இப்போது ஒரு மீட்டர் இடைவெளியில் இப்படி இரண்டு கம்பிகள். எலக்ட்ரான்களின் மின்னூட்டம் மட்டும் இருந்து, சமன்செய்யும் நேர்மின்னூட்டம் இல்லாதிருந்தால் மீட்டருக்கு 3.3 × 10¹⁸ நியூட்டன் விசை வரும். அதை 6 × 10⁻²⁶ ஆல் பெருக்குங்கள். 2 × 10⁻⁷ நியூட்டன். ஒரு ஆம்பியர் ஓடும் இரண்டு கம்பிகளுக்கிடையே பாடப்புத்தகம் சொல்லும் காந்தவிசை அதேதான்!

இந்த எண் தாளில் வந்து நிற்கும்போது மாணவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. ஆனால் இதைச் சார்பியலுக்கு ஆதாரமாகத் தாளில் ஏற்றாதீர்கள். பழைய மின்னியக்கவியலும் இதே எண்ணைத்தான் தரும். மின்விசைக்கும் காந்தவிசைக்கும் இடையே ஒளிவேகத்தின் வர்க்கம் முன்பே உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் இது காட்டுகிறது.

5. முடிவைப் பார்க்கும் முன் கணிப்பை எழுதுங்கள்: ஓடும் நீர்

முதல் கிடைவரிசையாக ஃபிசோவின் 1851 சோதனையை எடுக்கச் சொல்கிறேன். ஒளிவிலகல் எண் 1.333 கொண்ட நீர் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே திசையில் போகும் ஒளியின் வேகம் எவ்வளவு கூடும்?

எளிய கூட்டல்படி 7 மீட்டர். சார்பியலின் வேகக்கூட்டல் சூத்திரத்தில் போட்டால் சுமார் 3.1 மீட்டர், அதாவது நீரின் வேகத்தில் 0.437 பங்கு. 1886இல் மைக்கெல்சனும் மோர்லியும் திரும்பச் செய்தபோது வந்த பங்கு 0.434, பிழை வரம்பு 0.02.

'சார்பியல் ஜெயித்தது' என்று உடனே எழுதுவார்கள். பேனாவைக் கீழே வையுங்கள். அதே 0.437ஐ ஈதர் ஓரளவு மட்டும் இழுபடுவதாகக் கொண்டு ஃபிரெனல் முன்பே சொல்லியிருந்தார். லாரன்ஸ் 1890களில் அதை அசையாத ஈதரிலிருந்தே, நீரிலுள்ள மின்னூட்டங்களைக் கணக்கில் எடுத்து வருவித்தார். ஆகவே இந்த வரிசையில் முதல், நான்காவது, ஐந்தாவது மூன்றுமே தேறுகின்றன.

யாரையும் பிரிக்காத சோதனையை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கோட்பாட்டோடு பொருந்துவது வேறு, மற்றதை விலக்குவது வேறு. இந்த வேறுபாடு முதல் நாளே மனதில் பதிய வேண்டும்.

6. பத்திகளை அடிக்கும் வரிசை

இனி ஆண்டு வரிசையில் போகாதீர்கள். எந்தச் சோதனை எந்தப் பத்தியை அடிக்கிறது என்ற வரிசையில் போங்கள்.

விண்மீன் ஒளிப்பிறழ்ச்சி: 1720களின் கடைசியில் பிராட்லி கண்டது. ஆண்டு முழுவதும் விண்மீன்கள் 20.5 வில்விநாடி ஆரத்தில் இடம்பெயர்வதாகத் தெரிகின்றன. பத்தாயிரத்தில் ஒன்று என்ற விகிதத்தைக் கோணமாக்கினால் கிட்டத்தட்ட அதே எண். ஈதர் பூமியோடு முழுதாக இழுபட்டால் இது இருக்கக் கூடாது. இரண்டாம் பத்தி அடிபட்டது.

மைக்கெல்சன்-மோர்லி, 1887: ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கைகளில் அனுப்பி, திரும்பி வந்ததும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒளி பலமுறை பிரதிபலித்துப் போய்வந்ததால் ஒவ்வொரு கையின் பயன்நீளமும் 11 மீட்டர். கருவியை 90 பாகை திருப்பும்போது இரண்டு கைகளும் இடம் மாறுவதால் விளைவு இரட்டிக்கும். இந்த இரட்டிப்பைத்தான் பலர் மறக்கிறார்கள். 2 × 11 மீட்டரை 10⁻⁸ ஆல் பெருக்கி, ஒளியின் அலைநீளம் 5.5 × 10⁻⁷ மீட்டரால் வகுத்தால் 0.4. அதாவது குறுக்கீட்டுப் பட்டைகள் ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும். அவர்கள் கண்டது இதில் இருபதில் ஒரு பங்குக்கும் நிச்சயமாகக் குறைவு, அநேகமாக நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

முதல் பத்தி அடிபட்டது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் இதில் தேறுகின்றன. மைக்கெல்சன்-மோர்லி மட்டுமே சார்பியலை நிலைநாட்டியது என்று எழுதுபவர்கள் மற்ற பத்திகளைப் போடாமல் விட்டவர்கள்.

செர்ன் துகள் ஆய்வகம், 1964: மூன்றாம் பத்திக்கு நகரும் மூலம் வேண்டும். இரட்டை விண்மீன்களைக் கொண்டு வாதிடலாம், ஆனால் வழியிலுள்ள வாயு ஒளியை வாங்கி மறுபடி உமிழ்கிறது என்ற எதிர்வாதம் வலுவானது. அதனால் நான் துகளுக்கே போய்விடுவேன். ஒளிவேகத்தில் 0.99975 பங்கில் பறந்த நடுநிலைப் பயான்கள் (மிகக் குறுகிய ஆயுள் கொண்ட துகள்கள்) சிதைந்து முன்னோக்கி அனுப்பிய காமாக்கதிர்களின் வேகத்தை அல்வேகரும் குழுவினரும் அளந்தார்கள். உமிழ்வுக் கோட்பாட்டின்படி ஒளிவேகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வர வேண்டும். வந்தது விநாடிக்கு 2.9977 × 10⁸ மீட்டர், பிழை வரம்பு 0.0004 × 10⁸. மூன்றாம் பத்தி போயிற்று.

7. பெர்டோசியின் எலக்ட்ரான்கள்: இங்கே நின்று நிதானமாகச் செய்யுங்கள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யச் சொல்வேன். மாற்றங்களையும் சட்டகங்களையும் மறந்துவிட்டு, மின்புலம் எலக்ட்ரானுக்குக் கொடுத்த ஆற்றலையும் அது ஓடிய வேகத்தையும் மட்டும் பார்க்கலாம்.

1964இல் எம்ஐடியில் பெர்டோசி வெளியிட்ட சோதனை இது. எலக்ட்ரான்கள் 8.4 மீட்டர் பறக்கும் நேரத்தை அளந்தார். ஒளிக்கு இந்தத் தொலைவு 28 நானோவிநாடி. இந்த எண்ணைத் தாளின் மேலே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதோடுதான் ஒப்பீடு.

ஆற்றல் 0.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் நியூட்டன்படி வேகம் ஒளிவேகத்தைப்போல் 1.4 மடங்கு, நேரம் 20 நானோவிநாடி. அளந்தது 32.3. ஆற்றல் 4.5 என்றால் நியூட்டன்படி 4.2 மடங்கு, நேரம் 7 நானோவிநாடிக்கும் குறைவு. அளந்தது 28.4. ஆற்றல் ஒன்பது மடங்கு ஏறியும் பறக்கும் நேரம் நாலு நானோவிநாடிதான் குறைந்திருக்கிறது.

இப்போது சார்பியல் கணிப்பைப் போடுங்கள். எலக்ட்ரானின் நிலையாற்றலை 0.511 என்று எடுங்கள். மொத்த ஆற்றலை நிலையாற்றலால் வகுத்தால் காமா எண் வரும். ஒன்றிலிருந்து காமா வர்க்கத்தின் தலைகீழைக் கழித்தால் வேக விகிதத்தின் வர்க்கம். 0.5க்கு 0.745 வரும், அளந்தது 0.752. 1.5க்கு 0.935, அளந்தது 0.922. இங்கே வழக்கமான பிழை, இயக்க ஆற்றலை மட்டும் 0.511ஆல் வகுத்து அதையே காமா என்று வைத்துக்கொள்வது. ஒன்றைக் கூட்ட மறந்தால் 0.5க்குக் காமா ஒன்றுக்கும் கீழே போய், வர்க்கம் எதிர்க்குறியில் வந்து நிற்கும்.

1.0க்கு வரும்போது மாணவர்கள் தயங்குவார்கள். கணிப்பு 0.886, அளந்தது 0.828. நேரமாகப் பார்த்தால் 29.8க்குப் பதில் 30.8, ஒரு நானோவிநாடி வித்தியாசம். 'இதை விட்டுவிடலாமா?' என்று போன மாதம் ஒரு பெண் கேட்டாள். விடக் கூடாது, அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் நியூட்டனின் எண் 3.91ஐயும் எழுதுங்கள். ஒன்று சற்றுத் தள்ளி நிற்கிறது, மற்றது வேறு ஊரில் இருக்கிறது.

கூர்மையான மாணவர் ஒருவர் அடுத்து இதைக் கேட்பார்: 'வேகம் கூடினால் மின்புலத்தின் பிடி தளர்ந்து, ஆற்றலே போய்ச் சேராமல் இருந்திருக்கலாமே?' நல்ல கேள்வி, பழைய இயக்கவியலைக் காப்பாற்ற ஒரே வழியும் அதுதான். பெர்டோசி அதையும் பார்த்துவிட்டார். 1.5, 4.5 இரண்டிலும் எலக்ட்ரான்கள் போய் மோதிய அலுமினியத் தட்டு எவ்வளவு சூடானது என்று அளந்தார். ஆற்றல் முழுதும் வந்து சேர்ந்திருந்தது, சுமார் பத்து சதவீதப் பிழை வரம்புக்குள். வேகம் ஏறாவிட்டாலும் ஆற்றல் ஏறியிருக்கிறது. நியூட்டனின் உறவை வைத்திருந்த முதல் மூன்று பத்திகளும் இங்கே மொத்தமாக அடிபடுகின்றன.

8. மியூவான்கள்: புக்கிட் தீமாவுக்கு மாற்றிப் போடுங்கள்

1963இல் ஃபிரிஷ், ஸ்மித் இருவரும் 1,900 மீட்டர் உயர மவுண்ட் வாஷிங்டனிலும் கடல்மட்டத்திலும் ஒளிவேகத்தில் 0.995 பங்கில் வரும் மியூவான்களை, அதாவது விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நிலையற்ற துகள்களை, எண்ணினார்கள். உச்சியில் மணிக்குச் சுமார் 560. கீழே வர 6.4 மைக்ரோவிநாடி ஆகும், சராசரி ஆயுள் 2.2. ஆயுள் நீளாவிட்டால் கீழே சுமார் 30தான் மிஞ்ச வேண்டும். சுமார் 410 வந்தன.

சராசரி ஆயுளையும் அரை ஆயுளையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே நான் அதிகம் திருத்துவது. 2.2 சராசரி ஆயுள். அடுத்த பிழை, காற்றில் மியூவான் வேகம் குறைவதை மறப்பது. சார்பியல்படி ஆயுள் காமா மடங்கு நீளும்; வேகம் குறைவதால்தான் காமா 10க்குப் பதில் சராசரியாக 8.4 போல எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே வகை மியூவானைப் பிடிக்க, உச்சியில் எண்ணியின் மேல் கூடுதல் இரும்பு வைத்தார்கள்.

எண்கள் பழகியதும் நம் 163 மீட்டர் புக்கிட் தீமாவுக்கு அதே கணக்கைப் போடுங்கள். உச்சியில் 560 என்றால், ஆயுள் நீளாவிட்டால் அடிவாரத்தில் 437. காமா 10 என்றால் 546. ஒரு மணி நேர எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் 560இன் வர்க்கமூலம், சுமார் 24. இவ்வளவு சிறிய குன்றில்கூட வித்தியாசம் அதைவிடப் பெரியது. கணிப்போடு பிழை வரம்பையும் சேர்த்துப் போடும் பழக்கம் இந்தப் பயிற்சியில்தான் வரும்.

துல்லியம் வேண்டுமென்றால் செர்னின் 1977 வளையச் சோதனையைச் சேருங்கள். காமா 29.3 கொண்ட மியூவான்கள் சராசரியாக 64.4 மைக்ரோவிநாடி வாழ்ந்தன. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. தாளில் ஏற்றக் கூடாதவையும் எச்சரிக்கையோடு ஏற்ற வேண்டியவையும்

ஒளிமின் விளைவும் கரும்பொருள் (பிளாக்பாடி) கதிர்வீச்சும் இந்தத் தாளுக்கு உரியவை அல்ல. பழைய மின்னியக்கவியல் அங்கே தவறுவது உண்மை, ஆனால் அதற்கு விடை குவாண்டம். சிறப்புச் சார்பியலும் அவற்றைத் தனியாக விளக்காது.

ஜிபிஎஸ்ஸைப் பலர் ஆசையோடு கொண்டுவருவார்கள். செயற்கைக்கோள் கடிகாரம் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோவிநாடி பின்தங்குகிறது, ஈர்ப்பு வேறுபாட்டால் 45 முந்துகிறது. இரண்டையும் பிரிக்காமல் ஏற்றினால் வரிசையே தவறு. 1971இல் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்த ஹாஃபேலே-கீட்டிங் சோதனைக்கும் இதே எச்சரிக்கை.

சுழலும் மேசையில் ஒளியை எதிரெதிராக அனுப்பிய 1913 சான்யாக் சோதனை சார்பியலைத் தோற்கடித்ததாகச் சொல்பவர்கள் உண்டு. சுழலும் சட்டகம் சீரான இயக்கச் சட்டகம் அல்ல. ஈதரும் சார்பியலும் இதில் ஒரே முடிவைத்தான் தருகின்றன.

சார்பியலுக்கு எதிராக வந்த முடிவுகளையும் எழுதுங்கள். 1906இல் காஃப்மன் தன் எலக்ட்ரான் அளவீடுகள் லாரன்ஸ்-ஐன்ஸ்டைன் சூத்திரத்தோடு பொருந்தவில்லை என்று அறிவித்தார். பிளாங்க் அந்த அளவீடுகளை மறுபடி அலசி, அவை முடிவு சொல்லப் போதாது என்று காட்டினார். 1908இல் புக்கெரரின் அளவீடு மறுபக்கம் சாய்ந்தது. 1920களில் மில்லர் மவுண்ட் வில்சனில் ஈதர்க் காற்று தெரிந்ததாகச் சொன்னார். 1955இல் அவரது தரவை அலசியவர்கள் வெப்பநிலை வேறுபாடுகளே காரணம் என்று கண்டார்கள். இவற்றை மறைத்துவிட்டுப் போட்ட அட்டவணையை நான் ஏற்பதில்லை.

10. தீர்ப்பை எழுதும் விதம்

இப்போது தாளில் இரண்டு பத்திகள் மிஞ்சும், லாரன்ஸின் ஈதரும் சிறப்புச் சார்பியலும். இங்கே அவசரப்பட்டு நான்காவதை அடிக்கிறார்கள். எந்தச் சோதனையைக் காட்டி அடித்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. நீளக்குறுக்கம், கால நீட்டிப்பு இரண்டையும் முழுதாக ஏற்ற லாரன்ஸ் வடிவம் ஐந்தாவதோடு எண்ணுக்கு எண் ஒத்துப்போகும். நீளக்குறுக்கம் மட்டும் வைத்துக் கால நீட்டிப்பை விட்டவர்களைத்தான் சமமற்ற கைகளோடு செய்த 1932 கென்னடி-தார்ண்டைக் சோதனை விலக்குகிறது.

ஆகவே நான்காம் பத்தியின் கீழ் 'அளவீட்டால் விலக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். அடுத்த வரியில், ஈதரின் வேகத்தை எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாதபடி அந்தக் கோட்பாடே செய்துவிடுகிறது என்றும், அதனால் இயற்பியலாளர்கள் ஐந்தாவதைக் கையாள்கிறார்கள் என்றும் எழுதுங்கள். முதல் வரி அளவீடு, இரண்டாவது வரி தேர்வு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் தாளில் ஏறப்போவது 2014இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் லித்தியம் அயனிகளை ஒளிவேகத்தில் 0.338 பங்கில் ஓடவிட்டுச் செய்த கால நீட்டிப்புச் சோதனை. முடிவைப் பார்க்காமல், அந்த வேகத்துக்கான காமாவை மட்டும் ஆறு தசம இடங்களுக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.